ஹோகார்த் தற்படம்: படம் ஜோர், போட்டிருந்த வருடம்தான் தப்பு

18ஆம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் தன் பக் நாயோடு இருக்கும் தற்படத்தின் அச்சு, பழைய பிரின்ட் விற்கும் ஒரு லண்டன் கடையிலிருந்து ஆன்லைனில் வாங்கியது. விவரத்தில் '1749, அசல்' என்று போட்டிருந்தார்கள். அசல் இல்லை. அசலென்றால் இந்த விலைக்குக் கிடைக்கவும் கிடைக்காது.

1745இல் வரைந்த எண்ணெய் ஓவியம் டேட் அருங்காட்சியகத்துச் சொத்து. அதை வைத்து ஹோகார்த்தே 1749இல் செப்புத்தகட்டில் செதுக்கினார். 1763இல் சார்ல்ஸ் சர்ச்சில் என்ற கவிஞர் (பிரதமர் சர்ச்சில் இல்லை, இவர் பாதிரியார்) அவரைக் கவிதையில் கிழி கிழியென்று கிழிக்க, மனிதர் கோபத்தில் அதே தகட்டை எடுத்துத் தன் முகத்தைத் தேய்த்து அழித்துவிட்டு, அந்த இடத்தில் சர்ச்சிலைப் பீர் குவளை பிடித்த கரடியாகச் செதுக்கிவிட்டார். நாய்க்கும் ஒரு வேலை கொடுத்தார், அது அந்தக் கவிதைமேல் ஒன்றுக்குப் போகிறது! ஆக, அதற்கப்புறம் அந்தத் தகட்டிலிருந்து ஹோகார்த் முகம் வர வழியே இல்லை.

எனக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டில் வேறு யாரோ எஃகுத் தகட்டில் செதுக்கிய நகல். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கோடெல்லாம் மெல்லிசாக, ஒரே சீராக, கொஞ்சம் சாம்பல் பூத்து ஓடுகிறது. இடது ஓரத்தில் தையல் துளைகள் வேறு, ஏதோ புத்தகத்திலிருந்து பிரித்திருக்கிறார்கள். திருட்டு நகல்களைத் தடுக்க 1735இல் 14 வருடப் பாதுகாப்புச் சட்டம் வரக் காரணமாக இருந்தவர் முகத்தையே இப்படி விற்கிறார்கள், என்னத்தைச் சொல்ல.

ஆனால் படம் பிரமாதம். விக் இல்லாமல் வெறும் தொப்பி, நெற்றித் தழும்பு, வண்ணம் குழைக்கும் பலகையில் அவர் 'அழகின் கோடு' என்று சொன்ன வளைகோடு, கீழே ஷேக்ஸ்பியர், மில்டன், ஸ்விஃப்ட் புத்தகங்கள். நாயின் மூக்குமேல் மடிப்புகளைச் செதுக்கியவர் ரசித்துச் செய்திருக்கிறார். நாய் பெயர் ட்ரம்ப், நிஜமாகவே.

பேக்கிங்கில் குறையில்லை. விஷயத்தை எழுதிக் கேட்டதும் பாதிப் பணம் திருப்பித் தந்தார்கள், சரி, ஆனால் விவரத்தை இன்னும் மாற்றவில்லை. சுவரில் மாட்டத் தாராளமாக வாங்கலாம். சேகரிப்பவர்கள் முதலில் தாளின் பின்பக்கப் போட்டோவும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த போட்டோவும் கேளுங்கள், தயங்கினால் விட்டுவிடுங்கள். ஐந்துக்கு மூன்று.