தெருமுனை பப்: கம்பெனிக் கடையா, சொந்தக் கடையா?

இங்கிலாந்தில் 'டைடு' பப் என்றால் கட்டடம் பீர் ஆலைக்கோ பப் கம்பெனிக்கோ சொந்தம். நடத்துபவர் அவர்களிடம்தான் சரக்கு எடுக்கணும், வெளியே மலிவாகக் கிடைத்தாலும் சரி. 'ஃப்ரீ ஹவுஸ்' நடத்துபவருக்கு அந்தக் கட்டு இல்லை; பக்கத்து ஊர்ச் சின்ன ஆலையின் பீப்பாயை இறக்கலாம். 2016 முதல், பெரிய கம்பெனிகளின் குத்தகைதாரர்கள் சில சமயங்களில் சந்தை வாடகை மட்டும் கட்டி அந்தக் கட்டிலிருந்து விடுபடலாம். நல்ல சட்டம்.

என் ஓட்டு ஃப்ரீ ஹவுஸுக்கே. ஆனால் காஸ்க் ஏல், அதாவது பீப்பாயிலேயே நொதித்துக்கொண்டிருக்கும் பீர், உயிருள்ள சரக்கு: நிலவறையில் 11 முதல் 13 டிகிரி, திறந்த பீப்பாய் மூன்று நாளில் தீரணும். கூட்டமில்லாத கடையில் பீப்பாய்க்கு ஒன்றாகப் பத்து கைப்பம்பு இருந்தால் பாதி புளித்திருக்கும். அதைவிட, மூன்றே பம்பு வைத்து, டம்ளரை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுத் தரும் டைடு கடைக்காரரிடமே போவேன்.