அமைதியில் திணறும் ரிவெர்ப்: நான்கு வருடம் கழித்து

ஒலிக்கு எதிரொலி சேர்க்கும் ஓர் இலவச ரிவெர்ப் பிளக்இன்னை (இசை மென்பொருளோடு சேரும் துணை நிரலை) போடலாமா என்று நண்பர் போன வாரம் கேட்டார். லினக்ஸில் நான்கு வருடமாக அதைத்தான் வைத்திருக்கிறேன். ஒலி அருமை, அதில் பேச்சே இல்லை. என் கோபம் வேறு.

வாசிக்கும்போது, லினக்ஸில் ஒலியை நிரல்களுக்கிடையே கடத்தும் ஜாக்கில் டிஎஸ்பி லோடு, அதாவது ஒலிக் கணக்கின் சுமை, 20 சதவீதத்தில் நிற்கும். கையை எடுத்து, எதிரொலி தேய்ந்து, அரை நிமிடம் போனதும் 90ஐத் தாண்டும். விசிறி அலறும், எக்ஸ்ரன், அதாவது கணக்கு நேரத்துக்கு முடியாமல் ஒலி அறுபடுவது, வரிசையாக விழும். ஒன்றுமே ஒலிக்காத நேரத்தில்! ஒரு தடவையில் கணக்கிடும் ஒலித் துண்டான பஃபரை 256இலிருந்து 1024 ஆக்கினேன், நேரம் தவறாத ரியல்டைம் கெர்னல் போட்டேன். எல்லாம் வீண்.

துப்பு மைக்கில்தான் கிடைத்தது. மைக்கில் பாடினால் இந்தத் தொல்லை வந்ததே இல்லை. சாஃப்ட்வேர் பியானோவில் மட்டும்தான். மைக் வழியே கொஞ்சம் இரைச்சல் எப்போதும் வந்துகொண்டிருக்கும். பியானோவை நிறுத்தினால் சுத்தமான பூஜ்யம். அப்போது ரிவெர்பின் ஃபீட்பேக்கில் (வெளியே வந்த ஒலியைக் குறைத்துத் திரும்ப உள்ளே அனுப்பும் சுற்றில்) ஓடும் எண் சிறுத்துக்கொண்டே போகும், பூஜ்யத்தைத் தொடாது. 2 விநாடியில் 60 டெசிபல் தேயும் ரிவெர்ப் என்றால், சுமார் 25 விநாடியில் 1.18 × 10⁻³⁸க்குக் கீழே இறங்கிவிடும். ஒலியைக் குறிக்கும் 32 பிட் ஃப்ளோட் எண்களில் அதற்குக் கீழே எல்லாம் டீனார்மல், அதாவது வழக்கமான வடிவில் அடங்காத மிகச் சிறிய எண். பல பிராசசர்களில் அந்தக் கணக்கு மைக்ரோகோடின் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறு நிரலின்) தயவில் மெதுவாக நடக்கிறது. ஒரு பெருக்கலுக்கே நூறு சுழற்சிக்கு மேல் ஆகலாம். யார் காதுக்கும் எட்டாத ஒன்றுக்கு இவ்வளவு பாடு!

ஒலிப்பதிவு மென்பொருளான ஆர்டோருக்குள் இதற்கு மருந்து இருக்கிறது. அமைப்புகளில் ஃப்ளஷ் டு ஜீரோ (விடை டீனார்மல் என்றால் பூஜ்யமாக்குவது), டீனார்மல்ஸ் ஆர் ஜீரோ (உள்ளே வரும் டீனார்மலைப் பூஜ்யமாக எடுப்பது) இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தேன். லோடு ஏறவே இல்லை. அன்று ராத்திரி வெகுநேரம் அந்த மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் மேடையில் நான் ஆர்டோரைத் திறப்பதில்லை. பிளக்இன்னோடு வரும் தனிச் செயலியை நேராக ஜாக்கில் இணைப்பேன். அதில் இந்த வசதி இல்லை. அதன் நிரலில் ஒலிக் கணக்கு (ஆடியோ த்ரெட்) தொடங்கும் இடத்தில், பிராசசரின் கணக்கு அமைப்புகளை வைத்திருக்கும் எம்எக்ஸ்சிஎஸ்ஆர் ரெஜிஸ்டரில் இந்த இரண்டுக்கும் உரிய பிட்டுகளை 1 ஆக்கினால் முடிந்தது. ஃப்ளஷ் டு ஜீரோ 1999இல் பென்டியம் 3 வந்தபோதே இருந்த வசதி. பிளக்இன்னை எழுதியவருக்கு இரண்டு முறை விவரமாகச் சொல்லிவிட்டேன்; பதில் இல்லை. அதனால் காதில் விழாத அளவு இரைச்சலைப் பியானோவோடு கலந்து அனுப்பி ஓட்டுகிறேன். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் அதை மறக்காமல் இணைக்க வேண்டும்.

நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு நான் அதைத்தான் எடுத்துப் போகிறேன், அந்த ஒலி எனக்கு வேறு எதிலும் கிடைக்கவில்லை. ஆனாலும் வேண்டாம்.