சர்வீசுக்குப் பிறகு நொண்டும் சுவர்க்கடிகாரம்: பதினொரு வருஷ அனுபவம்

ஆரணியில் இருக்கும் மச்சான் போன வாரம் ஒரு போட்டோ அனுப்பினான். பழைய சாமான் கடையில் பெண்டுலம் வைத்த சுவர்க்கடிகாரம், ஆறாயிரம் சொல்கிறார்களாம், "வாங்கலாமா மாமா?" என்று கேட்டிருந்தான். நல்ல நேரம் பார்த்துக் கேட்டான். என் கடிகாரம் சர்வீசிலிருந்து திரும்பி வந்து ஒரு மாசம்தான் ஆகிறது, எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

என்னுடையதும் அதே வகைதான். குடியாத்தத்தில் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் தொங்கியது, இப்போது பதினொரு வருஷமாக வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் ஹாலில். எட்டு நாளைக்கு ஒருமுறை சாவி, மணிக்கு மணி அடிக்கும், அரை மணிக்கு ஒன்று. இதெல்லாம் மச்சானுக்கே தெரியும். அவனுக்குத் தெரியாதது அதன் சத்தம்.

ஆயிலெல்லாம் கெட்டிப்பட்டு அடிக்கடி நின்றுபோனதால் பஜாரில் ஒரு கடையில் கொடுத்தேன். மூன்று வாரம், 1,800 ரூபாய். கொண்டுவந்து மாட்டிப் பெண்டுலத்தைத் தள்ளிவிட்டதும் ஓடியது. அடுப்படியிலிருந்து அம்மா, "என்னடா, கடிகாரம் நொண்டுது?" என்றார். உண்மைதான். டிக், டாக் என்று சம இடைவெளியில் வர வேண்டியது டிக்டாக் என்று சேர்ந்து வந்து, கொஞ்சம் நின்று, மறுபடி டிக்டாக். ஒரு கால் குட்டையான ஆள் மாடிப்படி ஏறுகிற மாதிரி.

இது ஏன் என்று தெரிய உள்ளே பார்க்க வேண்டும். டயலுக்குப் பின்னால் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் தெரியும். கூரான பற்கள் கொண்ட ஒரு பித்தளைச் சக்கரம், அதன் தலைக்கு மேல் நங்கூரம் மாதிரி இரண்டு பக்கமும் வளைந்த ஒரு இரும்புத் துண்டு. கடிகாரக்காரர்கள் எஸ்கேப்மென்ட் என்று சொல்வது இந்த இரண்டும் சேர்ந்ததைத்தான். ஸ்பிரிங்குக்கு எட்டு நாள் சாவியையும் ஒரே மூச்சில் இறக்கிவிட ஆசை. நங்கூரம் விடாது. பெண்டுலம் ஒரு பக்கம் போகும்போது ஒரு கை தூக்கி ஒரு பல்லை விடும், உடனே அடுத்த கை வேறொரு பல்லைப் பிடிக்கும். பிடிக்கும் அந்த அடிதான் நமக்குக் கேட்கிற சத்தம். விடும்போது பல் அந்தக் கையை லேசாக உந்திவிட்டுப் போகிறது, அந்த உந்தல்தான் பெண்டுலம் நிற்காமல் ஆடுவதற்குக் கூலி. எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு. பல் வந்து விழுந்ததும் சக்கரம் மயிரிழை அளவு பின்னால் போகும், அப்புறம்தான் முன்னால் வரும். ஒவ்வொரு அடிக்கும் இப்படி ஒரு பின்வாங்கல். 1715-இல் கிரஹாம் என்ற இங்கிலாந்துக்காரர் இந்தப் பின்வாங்கல் இல்லாத எஸ்கேப்மென்டைக் கொண்டுவந்தார், நேரக் கணக்குக்கு அதுதான் நல்லது. ஆனால் என் வீட்டில் இருப்பது அதற்கும் முந்திய வகை, எனக்கு இதுவே போதும். ராத்திரி சாப்பிட்டுவிட்டு டார்ச்சோடு கால் மணி நேரம் நின்றிருக்கிறேன்.

1656-இல் ஹைகன்ஸ் என்ற டச்சு விஞ்ஞானி பெண்டுலத்தைக் கடிகாரத்துக்குள் கொண்டுவந்தபோது இருந்த எஸ்கேப்மென்டுக்குப் பெண்டுலம் அகலமாக வீசி ஆட வேண்டியிருந்தது. நங்கூரம் வந்தபின் சில டிகிரி ஆடினால் போதும் என்றாகிவிட்டது. அதனால்தான் என் கடிகாரம் இந்த ஒல்லிப் பெட்டிக்குள் அடங்குகிறது. பெண்டுலம் கால் மீட்டர்தான், நிமிஷத்துக்கு 120 அடி, ஒரு நாளைக்கு 1,72,800. இவ்வளவு முறை நொண்டினால் கேட்கிறவனுக்கு எப்படி இருக்கும்?

கடைக்குத் திரும்பப் போனேன். "மணி கரெக்டா காட்டுதா இல்லையா சார்?" என்றார் கடைக்காரர். காட்டுகிறது. "ஆணி கோணலா இருக்கும், நேரா மாட்டுங்க." வீட்டில் கொத்தனார் விட்டுப்போன ரசமட்டம் இருந்தது, வைத்துப் பார்த்தேன், குமிழி நட்ட நடுவில். பெட்டி நேராகத்தான் இருக்கிறது. அதற்கப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடிகாலையில் நின்றது. சாவி நிறைய இருக்கும், பெண்டுலம் மட்டும் சும்மா தொங்கும். ஒரு பக்கம் பல் சீக்கிரம் விடுபட்டு, மறுபக்கம் பெண்டுலம் எட்டி எட்டிப் போக வேண்டியிருந்தால், களைத்துத்தானே போகும்?

அவர் வேலையில் குறை சொல்ல முடியாத இடமும் இருக்கிறது, அதையும் சொல்கிறேன். அச்சுகள் சுழலும் துளைகள் தேய்ந்திருந்தன, அவற்றுக்குப் புது புஷ், அதாவது சின்ன வளையம், போட்டிருக்கிறார், சுத்தமான வேலை. பெண்டுலம் தொங்கும் மெல்லிய பட்டை ஸ்பிரிங் மடங்கியிருந்தது, மாற்றியிருக்கிறார். யாரோ ஒரு காலத்தில் விட்ட தேங்காய் எண்ணெய் பிசினை முழுக்க எடுத்திருக்கிறார். நங்கூரத்தின் கையில் பல் விழுந்து விழுந்து நகக்கீறல் மாதிரி ஒரு பள்ளம் இருந்தது, அதைக்கூடத் தேய்த்து மெருகு போட்டிருந்தார். இவ்வளவும் செய்தவர் கடைசியில் ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முள் சரியாகக் காட்டுவது அப்புறம், பெண்டுலத்தின் அடியில் இருக்கும் நட்டைத் திருகினால் வந்துவிடும். அடி சமமாக விழுகிறதா என்பதுதான் முதலில்.

கடைசியில் நானே செய்தேன். நங்கூரத்திலிருந்து கீழே இறங்கிப் பெண்டுலத்தைப் பிடித்திருக்கும் ஒரு கம்பி உண்டு. பிரித்துச் சேர்க்கும்போது அது வளைந்திருக்கிறது, அவ்வளவுதான். பெட்டியின் அடியை இடப்பக்கம் தள்ளிப் பார்த்தேன், சத்தம் சமமானது. அப்படியே விட்டால் ஓடும், ஆனால் கடிகாரம் கோணலாகத் தொங்கும். எந்தப் பக்கம் தள்ளினால் சரியாகிறது என்று தெரிந்ததும், பெட்டியை நேராக்கிவிட்டுக் கட்டைவிரலால் கம்பியை அழுத்தினேன். முதல் தடவை அதிகமாகிவிட்டது, இப்போது மறுகால் நொண்டியது. நாலாவது தடவையில் அம்மா ஹாலுக்கே வந்து நின்று கேட்டுவிட்டு, "இப்ப சரியா இருக்கு" என்றார்.

நேரக் கணக்கில் பெரிய குறை இல்லை. வெயிலூர் என்று சும்மா சொல்லவில்லை, கத்திரியில் பெண்டுலத்தின் இரும்புக் கம்பி நீண்டு, மார்கழியைவிட வாரத்துக்கு அரை நிமிஷத்துக்கு மேல் பின்தங்கும். நட்டைத் துளி மேலே ஏற்றுவேன், ஐப்பசியில் இறக்குவேன். இது எனக்குத் தொல்லையாகத் தெரியவில்லை, சொல்லப்போனால் பிடித்த வேலை.

இருந்தாலும் மச்சானுக்கு என் பதில், வாங்காதே. ஆறாயிரத்தோடு முடியாது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கக் கழற்றி மாட்டினால் மறுபடி நொண்டும், ரிப்பேருக்குக் கொடுத்தால் காது கொடுத்துக் கேட்கிற ஆளைத் தேடி அலைய வேண்டும், உனக்கு அதற்குப் பொறுமை கிடையாது.

அப்படியும் வாங்கிவிட்டால், பெண்டுலத்தைக் கொக்கியிலிருந்து கழற்றித் துணியில் தனியாகச் சுற்றிக்கொள். மாட்டியபடியே பஸ்ஸில் கொண்டுவந்தால் பட்டை ஸ்பிரிங் ஆற்காடு தாண்டுவதற்குள் ஒடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வா, ரசமட்டம் இங்கேயே இருக்கிறது.