ஹெட்லைட்டுக்கு ரிலே போட்டு நான்கு ஆண்டுகள்

என்னிடம் இருக்கும் அதே 350 சிசி வண்டியை மைத்துனன் பழையதாக வாங்கப் போகிறான். விலை படிந்துவிட்டதாம். இரவில் வெளிச்சம் சற்றுக் குறைவு என்று விற்பவரே சொல்லியிருக்கிறார். "அத்தான், எல்இடி பல்பு போட்டால் சரியாகிவிடும்தானே?" என்று கேட்கிறான். போனில் சொல்லி முடிகிற கதை அல்ல என்பதால் எழுதுகிறேன்.

வண்டியை 2018-இல் வாங்கினேன். தஞ்சாவூரில் வேலை முடிந்து ஐயம்பேட்டை, பாபநாசம் வழியாகக் கும்பகோணம் வந்து சேர இரவு பத்தாகிவிடும். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். இருட்டியதும் அதைக் குவித்து, கறுப்புத் தார்ப்பாய் போர்த்தி, ஓரங்களில் செங்கல் வைத்துவிட்டுப் போவார்கள். தார்ச்சாலையும் கறுப்பு, குவியலும் கறுப்பு. டிம்மில் போனால் மிக அருகில் வந்த பிறகுதான் அது கண்ணில் படும். இரண்டு முறை பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போகும் அளவுக்குப் பிரேக் பிடித்திருக்கிறேன்.

வண்டிக்கு உரியது 60/55 வாட் எச்4 பல்பு; பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55 என ஒரே பல்பில் இரண்டு இழை. பல்புதான் போதவில்லை என்று நினைத்து 100/90 வாங்கிப் போட்டேன். ஒரு மாதத்தில் ஹெட்லைட்டிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. டூமை, அதாவது ஹெட்லைட்டின் கண்ணாடியும் உள்ளே பளபளக்கும் கிண்ணமும் சேர்ந்த பகுதியை, கழற்றிப் பார்த்தால், வெள்ளையாக இருந்த ஹோல்டர் காபி நிறத்துக்கு மாறி, பல்பின் கால்களோடு உருகி ஒட்டியிருந்தது. குறடு வைத்துத்தான் பிடுங்க முடிந்தது.

அடுத்து எல்இடி. வீட்டுச் சுவரில் அடித்துப் பார்த்தபோது பிரமாதம். சாலையில் இறங்கியதும் வெளிச்சம் மரக்கிளைகளில்தான் இருந்தது. எதிரே வந்தவர்கள் எல்லோரும் லைட்டை அடித்து அடித்துத் திட்டினார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. எச்4 பல்பில் டிம் இழையின் கீழே ஒரு சிறிய உலோகக் கிண்ணம் உண்டு. வெளிச்சம் மேலே போகாமல் தடுப்பது அதுதான். இழை எந்த இடத்தில் இருக்கிறதோ, அந்த இடத்துக்காகவே டூமின் வளைவை வடிவமைத்திருக்கிறார்கள். நான் வாங்கிய எல்இடியில் ஒளி அந்த இடத்திலிருந்து வரவில்லை. மழை பெய்தால் இன்னும் மோசம்; அந்த வெள்ளை வெளிச்சத்தை ஈரச்சாலை அப்படியே விழுங்கிவிடும்.

அதன் பிறகுதான் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரைக் கையில் எடுத்தேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட். பல்பு எரியும்போது ஹோல்டரில் அளந்தால் 11.6. இரண்டு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைகிறது! சாவி, கைப்பிடிச் சுவிட்ச் என்று மெல்லிய ஒயர் சுற்றிச் சுற்றிப் போகிறது. ஹாலஜன் பல்புக்கு 10 சதவீதம் வோல்ட் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும். அப்படியானால் எனக்குக் கிடைத்து வந்தது ஏறக்குறையப் பாதி வெளிச்சம். மூன்று ஆண்டுகள் அப்படி ஓட்டியிருக்கிறேன்.

2021-இல் ரிலே போட்டேன். சிறிய மின்சாரத்தில் இயங்கி, பெரிய மின்சாரத்தை இணைத்துவிடும் சுவிட்ச் அது. பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ், டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே, ஒரு செராமிக் ஹோல்டர். பழைய சுவிட்ச் இனி ரிலேயைத் தூண்டினால் போதும். பல்பின் மின்சாரம் பழைய சுவிட்ச் வழியே போவதில்லை. கூலியோடு 1,150 ரூபாய் ஆனது. பல்பு அதே 60/55 தான். ஹோல்டரில் இப்போது 13.4 வோல்ட். மனைவியைப் பின்னால் உட்கார வைத்து, சுவருக்கு நேராக நிறுத்தி, டூமையும் சற்றுக் கீழே இறக்கினேன். பின்னால் ஆள் ஏறினால் முன்பக்கம் தூக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அன்று இரவு பாபநாசம் தாண்டி ஒரு நெல் குவியல் வந்தது. தூரத்திலேயே தார்ப்பாயின் சுருக்கம் தெரிந்தது, அதன் மேலிருந்த செங்கல்லின் உடைந்த மூலை தெரிந்தது. வண்டியை ஓரம் கட்டிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நான்கு ஆண்டுகளில் ஒரே ஒரு கோளாறு, அதுவும் போன மழையில். டிம் திடீரென்று அணைந்தது. ரிலேயின் கால்கள் மேல் நோக்கி இருக்கும்படி மாட்டியிருந்ததால் தண்ணீர் தேங்கித் துருப்பிடித்திருந்தது. பிரைட்டுக்குத் தனி ரிலே இருந்ததால் வீடு வந்து சேர்ந்தேன். புது ரிலேயைக் கால்கள் கீழ் நோக்கி இருக்கும்படி மாட்டிவிட்டேன்.

வண்டியில் குறை சொல்ல வேறு எதுவும் இல்லை. இன்ஜின் தங்கம், சீட் சுகம், டூமின் தரமும் நல்லதுதான். ஆனால் 2017 ஏப்ரல் முதல் புது இருசக்கர வாகனங்களில் இன்ஜின் ஓடும் வரை ஹெட்லைட் எரிய வேண்டும் என்பது விதி. நாள் முழுவதும் எரியப்போகும் விளக்குக்கு இந்த ஒயரைப் போட்டவர்கள், இருட்டில் ஒரு முறையாவது இதை ஓட்டிப் பார்த்தார்களா? சில நூறு ரூபாயில் அவர்களே முடித்திருக்கக்கூடிய வேலை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் தம்பி, அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்றால் இந்த வண்டியை விட்டுவிடு. கொடுத்துவிட்டாய் என்றால் எல்இடி வாங்காமல் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியோடு இங்கே வா. ரிலேயை நானே மாட்டித் தருகிறேன்.