அரசு வக்கீல் சேவை: ரெண்டரை ஸ்டார், அதுல ரெண்டு அந்த மேடத்துக்கு

இதுக்கெல்லாமா ரிவியூ போடுவேன்னு கேக்காதீங்க, தோசை தீஞ்சதுக்கே போடறோம். 2024 ஆகஸ்ட்ல பைக்ல வந்த ரெண்டு பேர் எங்கம்மா கழுத்துல இருந்த அஞ்சு பவுன் சங்கிலிய அறுத்துட்டு போனானுங்க, ஆளும் மாட்டினான் நகையும் கெடச்சுது, அதெல்லாம் சரி. கேஸ் கோர்ட்டுக்கு போனப்புறம் நாங்கதான் காணாம போயிட்டோம்.

நமக்குன்னு அரசு வக்கீல் இருக்காங்க, பைசா செலவில்லன்னு நெனச்சோம். செலவில்லதான். ஆனா ஏபிபி, அதாவது உதவி அரசு வக்கீல், நம்ம வக்கீல் இல்ல, அரசாங்கத்தோட வக்கீல். அவங்க கேஸ் கட்டுல அம்மா ஒண்ணாம் நம்பர் சாட்சி, அவ்ளோதான். சம்மன் வந்து மூணு தடவ போனோம். ஒரு நாள் எதிர்தரப்பு வக்கீல் வரல, ஒரு நாள் ஏபிபி இன்னொரு கோர்ட்டுக்கும் இன்சார்ஜாம் அங்க போயிட்டாங்க, மதியம் வரைக்கும் வராண்டால நின்னுட்டு வாய்தா தேதி கேட்டுட்டு வந்தோம்.

மூணாவது தடவதான் அந்த ஏபிபி மேடத்த பாத்தோம், அதுவும் சாட்சி சொல்றதுக்கு பத்து நிமிஷம் முன்னாடி. ஆனா அந்த பத்து நிமிஷம் தங்கம். போலீஸ்ல குடுத்த வாக்குமூலத்த அம்மாவுக்கு படிச்சு காட்டிட்டு, "நடந்தத நடந்தபடி சொல்லுங்கம்மா, ஞாபகம் இல்லன்னா இல்லன்னே சொல்லுங்க, பயப்படாதீங்க"ன்னாங்க. குறுக்கு விசாரணைல எதிர்தரப்பு வக்கீல் அது உங்க சங்கிலியேதானான்னு திருப்பி திருப்பி கேட்டப்ப அம்மா அசரவே இல்ல.

பெரிய கொடுமை சங்கிலிதான். பாண்ட் எழுதி வாங்கிட்டு குடுத்தாங்க, விக்கக்கூடாது மாத்தக்கூடாது கூப்பிட்டப்பல்லாம் கொண்டாரணும்னு கண்டிஷன். அறுந்த கொக்கிய ஒட்டினா அதுவும் மாத்தின கணக்குன்னு அம்மாவுக்கு பயம், அதனால மஞ்சத்துணில முடிஞ்சு பஸ்ல இடுப்புல சொருகிட்டு வருவாங்க, வழில எவனாவது மறுபடி அறுத்துட்டா என்ன பண்றது சொல்லுங்க. நகைய போட்டோ எடுத்து, விவரமா மகஜர் (சாட்சிங்க முன்னாடி எழுதற பதிவு) எழுதி, அதையே சாட்சியமா வெச்சுக்கலாம்னு சுப்ரீம் கோர்ட் 2002லயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் கேஸ்ல சொல்லிடுச்சு. இத மனு போட்டு கேக்கலாம்னு சொன்னது கோர்ட் வாசல்ல ஜெராக்ஸ் கடைக்காரர்!

இதையும் யாரும் சொல்ல மாட்டாங்க, தெரிஞ்சு வெச்சுக்கங்க. 2024 ஜூலை 1ல வந்த பிஎன்எஸ்எஸ்ங்கற புது குற்ற வழக்கு நடைமுறை சட்டப்படி, போலீஸ் விசாரணை எந்த நிலைமைல இருக்குன்னு 90 நாளுக்குள்ள போலீஸ் நமக்கு தெரியப்படுத்தணும். கோர்ட் அனுமதியோட ஏபிபிக்கு உதவியா நம்ம சொந்த வக்கீல வெச்சுக்கலாம், வசதியில்லன்னா இலவச சட்ட உதவி இருக்கு, நம்பர் 15100. குற்றவாளிய விடுதலை பண்ணிட்டா பாதிக்கப்பட்டவங்களே அப்பீல் போகலாம். வாய்தா தேதிக்கு யாரையும் கெஞ்ச வேணாம், ஈகோர்ட்ஸ் ஆப்ல கேஸ் நம்பர் போட்டா வந்துடும், நான் இப்ப அப்படித்தான் பாக்கறேன்.

மிச்ச அரை ஸ்டார் எதுக்குன்னா, சாட்சி சொல்ல வந்ததுக்கு படிக்காசு குடுத்தாங்க. பஸ் காசுக்கு சரியா போச்சு. போட்டோ மனு போட்டிருக்கோம், அடுத்த வாய்தாவுல ஆர்டர் வந்தா நேரா ஆசாரி கடைக்குதான்.