தனி ஆளாக நடனத்துக்கு வாசிக்க: பேக்பைப்பா, மூன்று துளைக் குழலும் மேளமுமா?

இடைக்கால ஐரோப்பிய நடன மெட்டுகளைத் துணைக்கு ஆளில்லாமல் வாசிக்க இரண்டு நல்ல வழி உண்டு. ஒன்று பேக்பைப், அதாவது ஒரு பையில் காற்றை நிரப்பி அமுக்கி வாசிக்கும் குழல். இன்னொன்று, இடது கையில் மூன்று துளைக் குழல், அதே கையில் தொங்கும் டேபர் என்ற சின்ன மேளம், வலது கையில் ஒரு குச்சி. 13ஆம் நூற்றாண்டில் காஸ்டீல் மன்னர் பத்தாம் அல்ஃபோன்சோவின் கான்டிகாஸ் என்ற பாடல் தொகுப்பின் ஏட்டு ஓவியங்களில் இரண்டையும் பார்க்கலாம், ஆகவே எது பழையது என்ற வாதமே வேண்டாம். நான் நான்கு வருஷம் பேக்பைப் வாசித்துவிட்டுக் குழலுக்கு மாறியவன்.

திறந்தவெளியில் பேக்பைப்பின் சத்தத்துக்கும் விடாத சுருதிக்கும் ஈடில்லை. அது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

என்னை மாற்றியது பேக்பைப்பின் சீவாளி. நாணலில் சீவிய அந்த இரண்டு இதழ் காய்ந்தால் ஒரு சுருதி, ஈரம் குடித்தால் ஒரு சுருதி. அடியில் நூலைச் சுற்றி மயிரிழை உள்ளே தள்ளினால் சுருதி ஏறும், வெளியே இழுத்தால் இறங்கும், இதைச் சரிசெய்யவே தினமும் கால்மணி நேரம் போய்விடும். ஒரு கோடை விழாவில் சால்டரெல்லோ என்ற துள்ளல் நடனத்தின் பாதியில் சீவாளி மக்கர் செய்ய, கைகோத்து ஆடிக்கொண்டிருந்த இருபது பேர் அப்படியே நின்றுவிட்டார்கள். அன்று ராத்திரியே முடிவு செய்துவிட்டேன்.

குழலில் சீவாளியே கிடையாது. விசில்போல வாய்ப்பக்கம் காற்றுத் தடம் வெட்டியிருக்கும். துடைத்து, எப்போதாவது எண்ணெய் தடவினால் போதும். 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் இப்படிப்பட்ட மூன்று குழல்களும் ஒரு டேபரும் கிடைத்தன. மூன்று துளை எப்படிப் போதும் என்று கேட்பார்கள். ஊதும் அழுத்தத்தைக் கூட்டினால் ஸ்வரம் மேலே தாவும், நடுவில் இருக்கும் இடைவெளியைத் துளைகள் நிரப்பும், ஒன்றரை ஸ்தாயி தாராளமாகக் கிடைக்கும். அப்புறம், இதில் நிறுத்த முடியும். எஸ்டாம்பி என்ற இடைக்கால நடன மெட்டில் ஒவ்வொரு பகுதியும் இரண்டு தடவை வரும், முதலில் முடியாததுபோல நிற்கும் திறந்த முடிவு, அடுத்து முழுதாக முடியும் மூடிய முடிவு. மூடுவதற்கு முன் ஒரு நொடி மூச்சை நிறுத்தி மேளத்தை மட்டும் தட்டினால் கேட்பவர்களுக்கு அது தெளிவாக விழும். பேக்பைப்பில் பை காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

பிளாஸ்டிக் சீவாளியை நான் ஒரு மாதம்தான் பயன்படுத்தினேன், சுருதி நின்றது, ஓசை பிடிக்கவில்லை. அதை வைத்து நீண்ட நாள் வாசித்தவர்களிடமும் கேளுங்கள். டேபரின் தோலும் மழைநாளில் தொய்யும், ஆனால் கயிற்றை இழுத்து முறுக்கினால் ஒரு நிமிஷத்தில் சரியாகிவிடும்.

முதல் மூன்று மாதம் இடது மணிக்கட்டு வலிக்கும். மேளத்தை மணிக்கட்டில் மாட்டாமல் கொஞ்சம் மேலே, முழங்கைப் பக்கமாகத் தொங்கவிடுங்கள்.