கூட்டரசு நெடுஞ்சாலை முதல் கர்துங் லா வரை: என் மெஷ் ஜாக்கெட்

கோலாலம்பூர் வெயிலுக்கு வாங்கிய மோட்டார் சைக்கிள் ஜாக்கெட் லடாக்கிற்கு ஆகுமா? தாராளமாக ஆகும். அதனுடன் வரும் மழை உறையை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

என்னுடையது மெஷ் துணி, அதாவது காற்றுப் புகும் வலைத்துணி ஜாக்கெட். உள்ளே கழற்றி மாட்ட இரண்டு உறைகள், மழைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று. சில ஆண்டுகளாகச் செந்தூலிலிருந்து ஷா ஆலாமுக்கு வேலைக்குப் போகையில் இதுதான் துணை. வண்டி ஓடும்வரை காற்று நெஞ்சில் புகுந்து முதுகில் வெளியேறும். நெரிசலில் நின்றுவிட்டால் எந்த ஜாக்கெட்டும் இட்லிக் கொப்பரைதான். கழுத்துப் பட்டையில் வியர்வை உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருக்கிறது. வலது மணிக்கட்டின் ஒட்டுப்பட்டை பிடிப்பு விட்டதால் தையற்காரரிடம் கொடுத்து மாற்றினேன். தோள், முழங்கைக் கவசங்கள் உறுதியாகவே இருக்கின்றன. முதுகில் இருந்ததோ வெறும் பஞ்சுத் துண்டு. கவசத்தைத் தனியாக வாங்க வேண்டியிருந்தது. கடையிலேயே ஜாக்கெட்டின் முதுகுப்புற உட்பைக்குள் கைவிட்டுப் பாருங்கள்.

இனி மழை உறை. அது உள்ளே இருப்பதால் உடம்பு நனைவதில்லை, ஆனால் வெளித்துணி தொப்பலாகிவிடும். நம் ஊர் மாலை மழையில் அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. லடாக்கில் அப்படியில்லை. பயணம் தொடங்கும் லே நகரமே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நாற்பது கிலோமீட்டரில் கர்துங் லா கணவாய், 5,359 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஆறு டிகிரிக்கு மேல் குறையும் என்று கணக்கிட்டால், லேயில் இதமான காலைப்பொழுது மேலே உறைநிலையை நெருங்கிவிடும். ஈரத்துணி காற்றில் உலரும்போது உடல் சூட்டையும் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் ஜாக்கெட்டுக்கு மேல் அணியும் தொளதொளப்பான மழைக்கோட்டே சரி. மழை இல்லாத நேரத்தில் காற்றையும் அதுவே தடுக்கும்.

இதை முன்கூட்டியே சோதிக்க கேமரன் மலை போதும். பிரிஞ்சாங் மலைச் சாலை 2,000 மீட்டரைத் தொடுகிறது. மழையில் ஏறிப் பார்த்தால் கையுறையின் தகுதியும் தெரிந்துவிடும். எங்கள் குழுவின் கிள்ளான் அண்ணன் அங்கேதான், "தம்பி, குளிர் உறையைப் போட்டால் கையை மடக்க முடியவில்லையே" என்றார். உறையோடு போட்டுப் பார்த்தே அளவைத் தேர்ந்தெடுங்கள்.

மெலிந்த காற்றுக்கு மட்டும் மலேசியாவில் ஒத்திகை கிடையாது. கர்துங் லாவில் கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் பாதிதான் கிடைக்கும். லேயில் முழுதாக இரண்டு நாள் ஓய்வெடுத்த பிறகே ஏறுங்கள். விடுப்பு குறைந்தால் வேறு எதையாவது வெட்டுங்கள். மலேசியாவின் பி2 மோட்டார் சைக்கிள் உரிமம் 250 சிசி வரைதான் செல்லும், லேயில் வாடகைக்குக் கிடைப்பவையோ பெரும்பாலும் அதைவிடப் பெரியவை. அனைத்துலக ஓட்டுநர் உரிமத்தைச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் எடுத்துக்கொள்ளுங்கள். கணவாயைத் தாண்டி நுப்ரா பள்ளத்தாக்கில் இறங்க வெளிநாட்டவருக்குத் தனி அனுமதி வேண்டும். அதைப் பதிவுபெற்ற முகவர் வழியாகத்தான் வாங்க முடியும்.

இது கிழிந்தால் அடுத்ததும் மெஷ்தான். மழை உறை இல்லாத ரகம் கிடைத்தால், அந்தப் பணத்தில் நல்ல முதுகுக் கவசமாக வாங்கிவிடுவேன்.